கழுத்தில் டயாலிசிஸ் குழாய்: வாசகர் கேள்விகள், சிஸ்டர் பதில்கள்

போன இதழில் டயாலிசிஸ் நோயாளிகள் உப்பையும் தண்ணீரையும் எப்படி அளந்து எடுத்துக்கொள்வது என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்பைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லாம் கழுத்தில் போட்டிருக்கும் குழாயைப் பற்றித்தான். சீழ் வைத்துவிட்டது, அடைத்துக்கொண்டது, குளிர் ஜுரம் வருகிறது, புதுசு போடச் சொல்கிறார்கள், கையில் பணம் இல்லை. 27 வருஷம் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான், இந்தக் கடிதங்களைப் படித்த பிறகு வேறு எதையும் எழுத மனசு வரவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்கக் குழாய்தான். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): என் கணவருக்கு 52 வயது. வலது கழுத்தில் பெர்ம்கேத் (நாள்பட வைத்திருக்கும் டயாலிசிஸ் குழாய்) போட்டு நாலு மாதம் ஆகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கடைசி மூன்று தடவையும் மிஷினில் போட்ட அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, கூடவே ஜுரம். ஒரு ஊசி போட்டு, கம்பளி போர்த்திவிட்டு, முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் நன்றாகத்தான் இருக்கிறார். டயாலிசிஸ் என்றால் குளிரத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்கிறார்கள். அப்படியா சிஸ்டர்?

பதில்: இல்லை அம்மா. இந்த இதழ் உங்கள் கையில் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் பதில் போட்டுவிட்டேன், ஆனால் உங்களை மாதிரியே இன்னும் நாலு பேர் எழுதியிருப்பதால் இங்கேயும் சொல்கிறேன். கழுத்தில் குழாய் இருக்கிறவருக்கு மிஷினில் போட்டதும் நடுக்கமும் ஜுரமும் வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது குழாய்க்குள் கிருமி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் மிஷினில் போட்டதும் வருகிறது, வீட்டில் ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். குளத்துப் படிக்கட்டில் பாசி படிகிற மாதிரி குழாயின் உள்சுவரில் கிருமிகள் ஒரு வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். குழாய் மூடியிருக்கும்போது அவை அங்கேயே கிடக்கும். பம்பு ஓட ஆரம்பித்ததும் ரத்தம் வேகமாகப் பாய்ந்து அந்தப் பாசியைப் பிய்த்துக்கொண்டு போகும். பெர்ம்கேத்தின் நுனி இருப்பது இதயத்தின் வலது மேல் அறையில். அதாவது கிருமி நேராக இதயத்துக்குப் போய், அங்கிருந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது. அதனால்தான் நடுக்கம். மிஷினை நிறுத்தியதும் அடங்குகிறது. நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அடுத்த தடவை பம்பு ஓடும்வரை அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் செய்ய வேண்டியது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா, என்ன கிருமி என்று பார்க்கும் சோதனை. இரண்டு தனித்தனி மாதிரி, ஒன்று குழாயிலிருந்து, இன்னொன்று வேறு இடத்திலிருந்து அல்லது மிஷின் லைனிலிருந்து. இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றக் கூடாது: கல்ச்சர் எடுத்த பிறகுதான் ஆன்டிபயாடிக் ஊசி. ஊசியை முதலில் போட்டுவிட்டால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், என்ன கிருமி என்றே தெரியாமல் குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்க வேண்டியதாகிவிடும். உங்கள் கணவருக்கு மூன்று தடவையும் போட்ட ஊசி எது, அதற்கு முன் கல்ச்சர் எடுத்தார்களா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கும் அலர்ஜிக்கும் போடுகிற ஊசியாக மட்டும் அது இருந்திருந்தால், நடுக்கம் அடங்கியதே தவிர கிருமிக்கு ஒன்றுமே செய்யவில்லை.

என்ன கிருமி என்பதைப் பொறுத்துத்தான் குழாயின் கதி. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தாலோ பூஞ்சைக் காளான் வகை வந்தாலோ குழாயை எடுத்தே ஆக வேண்டும், மருந்தால் மட்டும் அதைக் காப்பாற்றப் பார்ப்பது ஆபத்து. வேறு சில கிருமிகளுக்கு, ஜுரம் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிட்டால், பழைய குழாயின் வழியாகவே கம்பி விட்டுப் புதுக் குழாய் மாற்றலாம், அல்லது குழாய்க்குள்ளேயே ஆன்டிபயாடிக் மருந்தை நிரப்பி வைக்கலாம். அதை டாக்டர் முடிவு செய்வார். மருந்து எத்தனை நாள் என்பதும் கிருமியைப் பொறுத்தது, ஆனால் எதுவாக இருந்தாலும் இரண்டு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை, சாதாரணமாக 10 முதல் 14 நாள், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் 4 முதல் 6 வாரம் வரைகூடப் போகும். ஜுரம் விட்டதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நான் இதில் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் வந்தார், ஆட்டோ ஓட்டியவர், இதே மாதிரி நடுக்கம், இதே மாதிரி கம்பளி. ஒரு மாதம் கழித்து முதுகு வலிக்கிறது என்றார். வண்டி ஓட்டி ஓட்டி வந்த வலி என்று எல்லோரும், நான் உள்பட, நினைத்தோம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் முதுகெலும்புக்குள் சீழ். இந்தக் கிருமி ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் தங்குவதற்கு இடம் தேடும்: இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டு. அதனால் குழாய் இருக்கும் ஒருவர் புதிதாக முதுகு வலி என்றாலோ மூச்சு வாங்குகிறது என்றாலோ தைலம் தேய்த்துவிட்டுப் படுக்க வைக்காதீர்கள்.

வேறு காரணங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஷிஃப்டில் நாலைந்து பேருக்கு ஒன்றாக நடுங்கினால், குழாய் இல்லாமல் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் வழி) இருப்பவருக்கும் நடுங்கினால், அங்கே சந்தேகப்பட வேண்டியது டயாலிசிஸ் தண்ணீரை அல்லது டயலைசர் என்கிற வடிகட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் முறையை. மிஷின் திரவத்தின் சூட்டைக் குறைத்து வைத்தாலும் குளிரும், ஆனால் அப்போது ஜுரம் இருக்காது. அதனால் நடுங்கும்போது தெர்மாமீட்டர் வைத்து எண்ணைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி (மதுரை வாசகர்): என் மனைவியின் குழாயில் ரத்தம் சரியாக வரவில்லை என்று ரத்தம் எடுக்கும் சிவப்பு லைனையும் திருப்பி விடும் நீல லைனையும் மாற்றி மாட்டி ஓட்டுகிறார்கள். ஒரு மாதமாக இப்படித்தான். இதனால் கெடுதல் உண்டா? குழாய் ஏன் அடைக்கிறது?

பதில்: குழாய் போட்ட முதல் சில நாளிலேயே வரவில்லை என்றால் பெரும்பாலும் அது மடங்கியிருக்கும் அல்லது நுனி சரியான இடத்தில் இருக்காது, ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது மெதுவாகக் குறைந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கும், அல்லது குழாயைச் சுற்றி உறை மாதிரி ஒரு சவ்வு வளர்ந்திருக்கும். அந்தச் சவ்வு ரத்தத்தை உள்ளே விடும், வெளியே இழுக்கும்போது நுனியில் கதவு மாதிரி மூடிக்கொள்ளும்.

லைன் மாற்றி மாட்டுவது அன்றைய டயாலிசிஸை ஒப்பேற்ற ஒரு வழி, அவ்வளவுதான். மாற்றி மாட்டினால் சுத்தமாகி உள்ளே போன ரத்தமே திரும்ப மிஷினுக்கு வரும், சுத்தமாகாத ரத்தம் உடம்பிலேயே தங்கும். நாலு மணி நேரம் படுத்திருப்பார், ஆனால் நாலு மணி நேர டயாலிசிஸ் கிடைத்திருக்காது. சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, அரிப்பு என்று உங்கள் மனைவி சொல்கிறாரா பாருங்கள். ஒரு மாதம் என்பது மிக அதிகம். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் யூரியா பார்த்து, எவ்வளவு சுத்தமாகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும்படி கேளுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைக் குழாய்க்குள் நிரப்பி வைத்துப் பார்க்கலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் குழாயை மாற்றத்தான் வேண்டும்.

இனிமேல் அடைக்காமல் இருப்பதற்கு, டயாலிசிஸ் முடிந்ததும் குழாய்க்குள் நிரப்பும் மருந்தில்தான் விஷயம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின்தான் அந்த மருந்து, இப்படி நிரப்புவதை ஹெப்பாரின் லாக் என்போம். குழாய் வெளியே இரண்டாகப் பிரிந்து தொங்கும் இரண்டு காலிலும், அதை மூடும் கிளிப்பான கிளாம்ப் மேல் 1.6, 1.7 என்கிற மாதிரி ஒரு எண் பொடியாக அச்சடித்திருக்கும், அந்தக் கால் எத்தனை மில்லி பிடிக்கும் என்பது அது. அந்த அளவுதான் நிரப்ப வேண்டும். குறைந்தால் நுனியில் ரத்தம் புகுந்து உறையும், கூடினால் ஹெப்பாரின் உடம்புக்குள் கசிந்து, வீட்டுக்குப் போன பிறகு மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசியலாம். அப்புறம், அடுத்த தடவை தொடங்கும்போது பழைய ஹெப்பாரினை உறிஞ்சி வெளியே கொட்டிவிட வேண்டும். வரவில்லை என்று சிரிஞ்சால் உள்ளே தள்ளக் கூடாது. தள்ளினால் உறைகட்டியும் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும்.

கனடாவில் 225 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2011-ல் வெளியிட்டார்கள். வாரம் ஒரு தடவை ஹெப்பாரினுக்குப் பதில் உறைகட்டி கரைக்கும் ஆர்டி-பிஏ மருந்தை நிரப்பினார்கள், மற்ற நாளில் ஹெப்பாரின். எல்லா நாளும் ஹெப்பாரின் போட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குக் குழாய் கெட்டது, ஆர்டி-பிஏ போட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான். ரத்தத்தில் கிருமி சேர்ந்ததும் 13-லிருந்து 4.5 சதவீதமாகக் குறைந்தது. அடைப்பும் கிருமியும் அக்கா தங்கை மாதிரி, உறைந்த ரத்தம்தான் கிருமிக்கு வீடு. ஆனால் இந்த மருந்து விலை அதிகம், வாரா வாரம் போட நம் குடும்பங்களுக்கு முடியாது என்பது எனக்குத் தெரியும். அடிக்கடி அடைப்பவர்களுக்கு மட்டுமாவது டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

டாரோலிடின் என்ற கிருமிநாசினியை ஹெப்பாரினோடு சேர்த்த லாக் மருந்துக்கு அமெரிக்க அரசு 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. ஆய்வில் குழாய் வழி ரத்தக் கிருமியை 71 சதவீதம் குறைத்தது. இதையும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம், ஏற்கனவே கிருமி வந்து கஷ்டப்பட்டவர்கள் முக்கியமாக.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): குழாய் போட்டதிலிருந்து தலைக்குக் குளிக்கவே இல்லை. வெயில் காலம், பிசுபிசுவென்று இருக்கிறது. என்ன செய்யலாம்? கோயிலுக்குப் போகலாமா?

பதில்: குளிக்கலாம், நெஞ்சுக்கு மேல் தண்ணீர் படாமல். இடுப்புக்குக் கீழே ஊற்றிக்கொள்ளுங்கள், மேலே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தலைக்கு, முடி திருத்தும் கடையில் செய்கிற மாதிரி பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, வேறொருவர் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. டயாலிசிஸுக்குப் போகிற நாள் காலையில் செய்துகொண்டால் இன்னும் நல்லது, கொஞ்சம் ஈரம் பட்டிருந்தாலும் அன்றைக்கே டிரெஸ்ஸிங் மாற்றிவிடுவார்கள். ஆறு, குளம், அருவி மட்டும் வேண்டவே வேண்டாம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். கும்பாபிஷேகத் தண்ணீர் தெளிக்கிற கூட்டத்தில் மட்டும் நிற்காதீர்கள். ஒரு அம்மா குழாய் வெளியே வரும் இடத்தில் விபூதியும் மஞ்சளும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார், பக்தியில் செய்தது, திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அந்த இடம் நெஞ்சுக்குள் போகிற வழி. அங்கே பவுடர், எண்ணெய், எதுவும் கூடாது.

பெண்களுக்கு இன்னொன்று. தாலிச் சங்கிலி குழாயில் உரசும், சிக்கும், தூக்கத்தில் இழுக்கும். சங்கிலியைக் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள், அல்லது குழாய் இருக்கும் வரை மஞ்சள் கயிற்றை நீளமாக விட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் கயிறு நனைந்தால் மாற்றிவிடுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த உடை வசதி. தலை வழியாகக் கழற்றும்போதுதான் பல குழாய்கள் இழுபட்டிருக்கின்றன. தூக்கி வைத்திருக்கும் குழந்தையின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிரெஸ்ஸிங் பிளாஸ்திரியை வெட்ட கத்தரிக்கோலைக் குழாய் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

தினமும் கண்ணாடியில் பாருங்கள்: டிரெஸ்ஸிங் ஈரமா, ரத்தமா, சிவந்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா. தோலுக்கடியில் குழாயைச் சுற்றி ஒரு சின்னப் பஞ்சு வளையம் இருக்கும், நம் சதை அதில் ஒட்டி வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ள மூன்று நாலு வாரம் ஆகும். அந்த வளையம் வெளியே தெரிந்தால் குழாய் நழுவிக்கொண்டிருக்கிறது. நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள், பிளாஸ்திரி போட்டு அப்படியே யூனிட்டுக்குப் போங்கள்.

கேள்வி (கரூர் வாசகர்): ராத்திரி தூக்கத்தில் மூடி கழன்றுவிட்டால்?

பதில்: கிளாம்ப் இறுக்கமாக இருந்தால் ரத்தம் கசியாது, காற்றும் புகாது, ஆனாலும் கிருமி புகலாம் என்பதால் யூனிட்டுக்குச் சொல்லிவிடுங்கள், அதனால் யூனிட்டை விட்டு இறங்கும் முன்பே இரண்டு கிளாம்பும் மூடியிருக்கிறதா, இரண்டு மூடியும் இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டு வாருங்கள். கிளாம்பும் திறந்து மூடியும் இல்லை என்றால் மூச்சு இழுக்கும்போது காற்று இதயத்துக்குள் போகும். உடனே கிளாம்பை மூடுங்கள். குழாய் கிழிந்திருந்தால், கிழிந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவில் மடக்கி நசுக்கிப் பிடியுங்கள். மூச்சு திணறினால் இடது பக்கம் ஒருக்களித்து, தலை தாழ்வாகப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். குழாயே முழுசாக வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியை மடித்து, வெளியே வந்த ஓட்டையிலும் அதற்கு மேலே கழுத்தெலும்பை ஒட்டி முதலில் குழாய் நுழைத்த இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே கிளம்புங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன், கோவை மாவட்டம்): எங்கள் யூனிட்டில் ஒரு ஷிஃப்டுக்கு மூன்று பேர்தான். எல்லோரையும் ஒரே நேரத்தில் மிஷினில் போட வேண்டும். புத்தகத்தில் இருப்பதை எல்லாம் செய்ய நேரமில்லை மேடம். குறைந்தபட்சம் எதை விடக் கூடாது?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. நானும் அப்படி ஓடிய ஆள்தான். எல்லாவற்றையும் விட்டாலும் மூடியைக் கழற்றிய பிறகு வருகிற அந்த ஒரு நிமிஷத்தை விடாதீர்கள்.

மூடியை எடுத்ததும் குழாயின் வாயை, உள் விளிம்பு, வெளிப்பக்கத் திருகு, எல்லாவற்றையும் ஆல்கஹால் அல்லது குளோர்ஹெக்ஸிடின் பஞ்சால் 15 வினாடி தேய்த்துவிடுங்கள். தொட்டு எடுப்பதல்ல, திருகில் காய்ந்திருக்கும் ரத்தம் போகிற மாதிரி தேய்ப்பது. அப்புறம் காய விடுங்கள், ஈரமாக மாட்டினால் மருந்து வேலை செய்யாது, உலரும்போதுதான் கிருமி சாகிறது. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள், ஒன்றைத் தேய்த்து மாட்டிவிட்டு அடுத்தது. திறந்த வாய் ஒரு நொடி கூட எதன் மேலும் படக் கூடாது. கழற்றும்போதும் இதே கதைதான். மாட்டும்போது கவனமாக இருந்துவிட்டு, கழற்றும்போது பஸ் பிடிக்கிற அவசரத்தில் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கிளவுஸ் மாற்றுங்கள், நடுவில் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கிளவுஸ் போட்ட கையோடு மிஷின் பட்டனை அழுத்திவிட்டு, போனை எடுத்துவிட்டு, அதே கையால் குழாயைத் திறந்தால் கிளவுஸ் உங்களைத்தான் காக்கும், அவரைக் காக்காது. உங்களுக்கும் அவருக்கும் மாஸ்க், அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளட்டும், பலருடைய மூக்கிலேயே அந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் குடியிருக்கிறது. தலைக்கு மேல் ஃபேன் இருந்தால் திறக்கும் நேரம் நிறுத்துங்கள். தோலுக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடின் சிறந்தது, ஒத்துக்கொள்ளாதவருக்குப் பொவிடோன் அயோடின். களிம்பு வைப்பதற்கு முன் அந்தக் குழாய் கம்பெனியின் தாளைப் படியுங்கள், சில களிம்புகள் சில குழாய்களின் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். அமெரிக்காவில் 17 டயாலிசிஸ் மையங்கள் சேர்ந்து இந்த மாதிரிச் சாதாரண வேலைகளையே விடாமல் செய்தன: கை கழுவுவதை ஒருவர் நின்று கவனிப்பது, குளோர்ஹெக்ஸிடின், குழாய் வாயைத் தேய்ப்பது, ஊழியருக்குப் பயிற்சி. குழாய், ஃபிஸ்டுலா வழியாக வரும் ரத்தக் கிருமி 54 சதவீதம் குறைந்தது என்று 2013-ல் எழுதினார்கள். இதில் விலையுயர்ந்த மிஷின் எதுவும் இல்லை. ஒரு நோட்டு வாங்கி, மாதா மாதம் குழாய் உள்ளவர் எத்தனை பேர், கல்ச்சரில் கிருமி வந்தவர் எத்தனை பேர் என்று எழுதத் தொடங்குங்கள். எண் கையில் இருந்தால்தான் இன்னொரு ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்க முடியும்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை, கிரியேட்டினின் 5. இப்போதே கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். ஆபரேஷன் செய்துவிட்டால் டயாலிசிஸ் நிச்சயம் வந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா.

பதில்: இன்று வந்த கடிதங்களில் நான் மிகவும் சந்தோஷப்பட்டது இதற்குத்தான், ஏனென்றால் மற்ற எல்லோரும் மாட்டிக்கொண்ட பிறகு எழுதியிருக்கிறார்கள், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

குடை வாங்கினால் மழை வந்துவிடுமா? சிறுநீரகம் கெடுவது அதன் போக்கில் நடக்கிறது, கையில் போடுகிற தையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 61 வயதில் கிரியேட்டினின் 5 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிஷத்துக்குச் சுமாராக 12 மில்லிதான் மிச்சம். 20-க்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே கையைத் தயார் செய்யும் பேச்சு வந்துவிட வேண்டும். ஏனென்றால் ஃபிஸ்டுலா போட்ட அன்றே பயன்படாது. தமனியையும் சிரையையும் இணைத்த பிறகு, அந்தச் சிரை தடித்து ஊசி குத்தும் அளவு பருக்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் பிடிக்காமல் போய் இரண்டாவது தடவையும் செய்ய வேண்டிவரும். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்று நான் தினமும் பார்த்தேன். ஒரு ராத்திரி மூச்சு முட்டி அவசர வார்டுக்கு வருவார்கள், கழுத்திலோ தொடையிலோ தற்காலிகக் குழாய், அதைக் கழுத்தில் 2 வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, தொடையில் அதையும்விடக் குறைவு, அதனால் பெர்ம்கேத், அதில் கிருமி, அதை எடுத்து இன்னொன்று. ஃபிஸ்டுலா பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும், அதற்குள் கைச் சிரைகள் எல்லாம் டிரிப் ஏற்றி ஏற்றிக் கெட்டிருக்கும்.

ஃபிஸ்டுலா ஒன்றும் நேற்று வந்ததல்ல. நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பிரெஷியா, சிமினோ முதலான டாக்டர்கள் மணிக்கட்டில் செய்து 1966-ல் எழுதிய முறை. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வந்துவிட்டது, இன்னும் அதைவிட நல்ல வழி பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அது நம் சொந்த ரத்தக்குழாய், தோலுக்கு உள்ளே மூடியிருக்கிறது, வெளியே தொங்குகிற பிளாஸ்டிக் இல்லை.

அப்பா வலது கைக்காரர் என்றால் இடது கையை இன்றிலிருந்து காப்பாற்றுங்கள். அந்தக் கையில் ரத்தம் எடுக்க, டிரிப் போட, பிரஷர் பார்க்க விடாதீர்கள், அவசியம் என்றால் புறங்கையில் மட்டும் ஊசி. முழங்கைப் பக்கம் போட்டு நெஞ்சு வரை போகும் நீளமான பிஐசிசி லைன் வேண்டவே வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு காலையும் மாலையும் அந்த இடத்தில் விரல் வைத்தால் மோட்டார் ஓடுகிற மாதிரி அதிர்வு தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். காயம் ஆறியதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ரப்பர் பந்து அமுக்கும் பயிற்சி செய்யட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கும் அதில் இடம் உண்டா என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): இரண்டு தடவை குழாய் போட்டு எடுத்தவர் என் அண்ணன். இப்போது இடது கையும் முகமும் வீங்குகிறது. காலையில் எழுந்தால் முகம் அதிகம் உப்பியிருக்கிறது. தண்ணீர் அதிகம் குடித்ததாலா?

பதில்: தண்ணீரால் என்றால் இரண்டு காலும் வீங்கும். ஒரு கையும் முகமும் என்றால் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரை சுருங்கியிருக்கலாம். குழாய் உள்ளே உரசி உரசித் தழும்பாகி இப்படி ஆகும். வலது கழுத்து வழி நேராக இதயத்துக்கு இறங்குவதால் அங்கே குறைவு, இடது கழுத்தில் அதிகம், காலர் எலும்புக்கு அடியில் போட்ட குழாயில் இன்னும் அதிகம். தோள்பட்டையிலும் நெஞ்சிலும் நீலநீலமாகச் சிரைகள் தெரிகிறதா பாருங்கள். ஆஞ்சியோ மாதிரி டை போட்டு எடுக்கிற படத்தில் தெரியும், பலூன் வைத்து விரிக்கலாம். அதற்கு முன் அந்தக் கையில் புது ஃபிஸ்டுலா போடாதீர்கள், வீக்கம் தாங்காது. மூச்சு முட்டினால் உடனே போக வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அம்மாவுக்கு 78. ஃபிஸ்டுலா இரண்டு முறை போட்டும் பிடிக்கவில்லை. இதயமும் பலவீனம். பெர்ம்கேத் ஒன்றரை வருஷமாக இருக்கிறது, பிரச்சினை இல்லை. மூன்றாவது தடவையும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோகட்டுமா? நான் தப்பு செய்கிறேனா என்று தூக்கம் வரவில்லை.

பதில்: நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. இவ்வளவு நேரம் குழாயை எடுங்கள், எடுங்கள் என்று சொன்னவள்தான் இதையும் சொல்கிறேன்: எல்லோருக்கும் ஃபிஸ்டுலாதான் சரி என்று கிடையாது. அது இதயத்துக்குக் கூடுதல் வேலை தரும். 78 வயதில், பலவீனமான இதயத்தோடு, மெலிந்த சிரைகளோடு இருப்பவருக்கு நன்றாகப் பராமரிக்கப்படும் பெர்ம்கேத் நியாயமான வழிதான் என்று இப்போதைய அமெரிக்க சிறுநீரக வழிகாட்டுதல்களே சொல்கின்றன. நோயாளியின் வயசு, வாழ்க்கை, ஆசை எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவெடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? பல வீடுகளில் பிள்ளைகள் டாக்டரிடம் பேசுவார்கள், டாக்டர் பிள்ளைகளிடம் பேசுவார், அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

வயிற்று வழி டயாலிசிஸ், சிஏபிடி என்பார்கள், அதையும் யோசியுங்கள். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய், வீட்டிலேயே ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை பை மாற்றுவது, ரத்தக் குழாயில் எதுவும் வேண்டாம். அதிலும் கை சுத்தம் முக்கியம், வயிற்றில் கிருமி வரலாம். ஆனால் வாரம் மூன்று நாள் அலைச்சல் மிச்சம், இதயத்துக்கும் இதம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெர்ம்கேத்தே இருக்கட்டும் என்று முடிவானால் அந்தக் குழாய் டயாலிசிஸுக்கு மட்டும். வேறு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், நரம்பு கிடைக்கவில்லை என்று அதில் குளுக்கோஸ் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ வருவார்கள், உயிர் போகிற அவசரம் தவிர விடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் 'டயாலிசிஸ் குழாய், உள்ளே ஹெப்பாரின் இருக்கிறது, டயாலிசிஸ் ஊழியர் தவிர யாரும் திறக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் மருந்துச் சீட்டுப் பையில் முன்னால் தெரிகிற மாதிரி வையுங்கள், தலைமாட்டில் ஒட்ட இன்னொன்றும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.